இண்டியன் ஓஷன்: வைத்துக்கொள்ள மூன்று

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, நெய்வேலி நகரியத்தில் நண்பரொருவர் வீட்டு வாசலில், பலாமரத்தடியில் நால்வர் கூடியிருந்தபோது ஓர் எளிய கேள்வி எழுந்தது. இண்டியன் ஓஷன் குழுவின் இசைத்தொகுப்புகளுள் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஏனையவற்றைக் கொடுத்துவிட வேண்டும் என்றால் எவற்றை வைத்துக்கொள்வது? கேட்டவர் சுரங்கத்தில் பொறியாளர். இரவு ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டியவர். அவர் கிளம்பும்வரை முடிவு ஏற்படவில்லை. ஆகவே நம் தரப்பை எழுத்தில் வைத்துவிடுவது என்று தீர்மானித்தோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் ராக் இசைக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். பாணர் மரபைப் பற்றியும் பண்களைப் பற்றியும் வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிற நாம், நம் காலத்தில் பாடிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது குற்றமாகாது என்பதே அவர்களுக்கு நம் பதில்.

குழுவை அறியாதவர்களுக்குச் சில வரிகள். 1990-இல் தில்லியில் உருவான குழு இது. கிதார் வாசித்த சுஸ்மித் சென்னும், தபலாவோடு பாடவும் செய்த அஷீம் சக்ரவர்த்தியும் தொடங்கினர். 1991-இல் பேஸ் கிதாருடன் ராகுல் ராமும், 1994-இல் டிரம்ஸுடன் அமித் கிலமும் சேர்ந்தபின் குழு ஒரு நிலைக்கு வந்தது. டிரம்ஸுக்குப் பக்கத்தில் தபலா. கிதார்களின் ஒலிக்கு மேலே சாமியாரின் குரல் போல ஒரு குரல். முப்பத்தைந்து ஆண்டுகளாக இயங்கிவரும் இக்குழுவின் தொகுப்புகளை இரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். 1993-இல் குழுவின் பெயரையே தாங்கிய முதல் தொகுப்பு, 1997-இல் 'டெசர்ட் ரெயின்', 2000-இல் 'கந்தீசா', 2003-இல் 'ஜீனி', 2005-இல் 'பிளாக் ஃப்ரைடே' படத்தின் இசை, 2010-இல் '16/330 கஜூர் ரோடு', 2014-இல் 'தண்டனு' என்பவை முதன்மையானவை.

ராக் ரசிகர்களிடம் இப்படிப் பட்டியலிடும் பழக்கம் பழையது. பிங்க் ஃபிளாய்டு என்றால் 1973-இன் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' உயர்ந்ததா, 1975-இன் 'விஷ் யூ வேர் ஹியர்' உயர்ந்ததா என்று விடுதி அறைகளில் விடியவிடியச் சண்டை நடக்கும். வாசிப்புத் திறன், ஒலிப்பதிவின் நேர்த்தி, விற்பனை ஆகியவை அங்கே அளவுகோல்கள். நம் அளவுகோல் சற்று வேறு. கேட்டு முடித்த பின்னர் ஒரு தொகுப்பு நம்மை எதன்பால் திருப்புகிறது என்பதைக் கொண்டே நாம் அதை வைத்துக்கொள்வதா கொடுத்துவிடுவதா என்று முடிவுசெய்கிறோம். இது இசை விமரிசனமே இல்லை என்று பொறியாளர் நண்பர் சொன்னார். இருக்கலாம்.

'பிளாக் ஃப்ரைடே'யை முதலில் எடுத்து வைத்துவிடுவோம். இக்குழுவைத் தமிழ்நாட்டில் பலர் அறிந்தது அப்படத்தின் வழியாகத்தான். 1993 மும்பை குண்டுவெடிப்புகளைப் பற்றிய அப்படம் நீதிமன்றத் தடையால் தேங்கி 2007-இல்தான் திரைக்கு வந்தது. பாடல்கள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஊர் சுற்றிவிட்டன. பியூஷ் மிஸ்ராவின் சொற்களும் குழுவின் குரலும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஆனால் அந்த இசை ஒரு நகரத்தின் ஒரு கொடும் நாளோடு பிணைந்தது. அங்கேயே அது நின்றுவிடுகிறது, நம்மோடு வீட்டுக்கு வருவதில்லை.

'டெசர்ட் ரெயின்' வேறு வகை. தெருநாடகம் நிகழ்த்திக்கொண்டிருந்தபோது 1989-இன் முதல் நாளில் தாக்கப்பட்டு, மறுநாள் உயிரிழந்த சஃப்தர் ஹாஷ்மியின் நினைவாக, சஹ்மத் அமைப்பு தில்லியில் நடத்திய நிகழ்ச்சியில் நேரடியாகப் பதிவு செய்யப்பட்டது அது. பெரும்பகுதி சொற்களற்ற இசை. வெட்டவெளிக் குளிரில் நின்று கேட்கும் கூட்டத்துக்காக வாசிக்கப்பட்டது என்பது ஒவ்வோர் இழையிலும் தெரிகிறது. ஒலிக்கூடத்தில் திருத்தி, மெருகேற்றிப் பதிந்திருந்தால் இவ்வளவு பிடித்திருக்காது. இதை நாம் வைத்துக்கொள்கிறோம்.

இனி 'கந்தீசா'. பெரும்பான்மை ரசிகர்களின் முதல் தேர்வு இதுவே, நம்முடையதும் இதுவே. ஆனால் காரணம் ஒன்றன்று. கிழக்கும் மேற்கும் கலந்த அழகு என்று அவர்கள் சொல்வார்கள். அந்தச் சொற்றொடரைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 1980-களின் இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கலப்பு ஒரு புதுமையா என்ன? இத்தொகுப்பின் சிறப்பு அது கலக்க மறுத்த இடத்தில் இருக்கிறது. தலைப்புப் பாடல் கேரளத்துச் சுரியானிக் கிறித்தவர்களின் வழிபாட்டில் வழங்கும் பழைய துதி. அதன் மொழி அரமேயம். 'ஹில்லே லே', 1989-இல் மறைந்த கவிஞர் கோரக் பாண்டேயின் போஜ்புரிப் பாடல். 'மா ரேவா', நர்மதைப் பள்ளத்தாக்கின் மக்கள் தம் ஆற்றைத் தாயென விளித்துப் பாடுவது. இவற்றுள் எதையும் குழுவினர் நகரத்துக் காதுக்காக இந்தியாக்கவில்லை, விளக்கவுரை சேர்க்கவில்லை. மொழி புரியாவிட்டால் புரியாமலே கேளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பாடல்களை எடுத்து, வட்டார வழக்கை நீக்கி, 'செம்மைப்படுத்தி' மேடையேற்றும் நம் கலைவிழாக்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

'மா ரேவா'வை நாம் முதன்முதல் கேட்டது 2001-இல், முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது. தில்லியில் படித்த பள்ளித் தோழர் விடுமுறைக்கு வந்தபோது ஒலிநாடாவைக் கொண்டுவந்தார். ராகுல் ராம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர், நாடு திரும்பி நர்மதை இயக்கத்தில் பணியாற்றியவர், அப்பாடல் அந்த மண்ணில் கற்றது என்பதையெல்லாம் தோழர்தான் சொன்னார். தொகுப்பு வெளிவந்த அதே 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள்தான் சர்தார் சரோவர் அணையைத் தொடர்ந்து கட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழுகப்போகும் கரைகளில் நின்று, முழுக்கப்போகும் ஆற்றையே வாழ்த்திப் பாடுகிறார்கள். அதில் முறையீடு இல்லை, கோபமும் இல்லை. அதுதான் நம்மை உலுக்கியது.

பரிபாடல் நினைவுக்கு வந்தது. வையையைப் பாடும் பாடல்கள் அதில் உண்டு. 70 பாடல்களில் நமக்கு முழுமையாகக் கிடைத்தவை 22. பலவற்றின் கீழே பாடலாசிரியர் பெயரோடு இசை வகுத்தவரின் பெயரும், பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. இசை வகுத்தவரின் பெயர் இருக்கிறது, இசை இல்லை. ஆண்டுதோறும் இதை வகுப்பில் சொல்கிறோம், மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள், நாமும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். அப்பாடல் ஒலித்த டேப் ரெக்கார்டர் நம் தந்தையாரின் சுரங்கச் சம்பளத்தில் வாங்கியது. அது ஓடிய மின்சாரம் நாலு கல் தொலைவில் பழுப்பு நிலக்கரியை எரித்து எடுத்தது. மின்சாரம் எங்கிருந்தோ வருகிறது என்று எண்ணிக்கொள்ளும் வசதி நெய்வேலிக்காரர்களுக்குக் கிடையாது. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய மண் வந்த கதையும், 1957-இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த கதையும் நகரியத்துப் பிள்ளைகளுக்குத் தாலாட்டோடு சேர்த்து ஊட்டப்படுபவை. பக்கெட் வீல் எந்திரம் மண்ணைச் சுரண்டுவதையும், கன்வேயர் பெல்ட்டில் அது மலையாய்ப் போய்க் குவிவதையும் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்து வாய்பிளந்திருக்கிறோம். அந்த மண்ணின் மேலே ஊர்கள் இருந்தன என்பது நமக்குத் தெரியும். தெரிந்தாலும் உறைத்ததில்லை. மத்தியப் பிரதேசத்து ஆற்றைப் பற்றிய ஒரு பாடல் வந்துதான் அதை உறைக்கச் செய்தது என்பது நமக்குப் பெருமை தருவதன்று. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் எந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்றிரவும் நாம் கேட்டது இதே பாடலைத்தான்.

மூன்றாவது இடத்துக்கு '16/330 கஜூர் ரோடு'. கரோல் பாக்கில் குழுவினர் பயிற்சி செய்துவந்த பழைய வீட்டின் முகவரி அது. பாடல்களை மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகவே வழங்கினார்கள். அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25 அன்று காலமானார். தொகுப்பு வெளிவந்தது அடுத்த ஆண்டு. அவருடைய குரல் இருக்கும் கடைசித் தொகுப்பு என்பதால் இரக்கத்தில் இடம் தருகிறோம் என்று எண்ண வேண்டாம். அவசரமே இல்லாத இசை அது. நால்வரும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடாமல், பல்லாண்டுப் பழக்கத்தில், ஒரே கூடத்தில் அமர்ந்து பேசிக்கொள்வது போல இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தது இண்டியன் ஓஷனே இல்லை என்போர் உண்டு. 2013-இல் சுஸ்மித் சென்னும் விலகியபின் அந்தக் குரல் வலுத்தது. நமக்கு அதில் உடன்பாடில்லை. கூத்துக் குழுவில் வாத்தியார் மறைந்தால் அடுத்தவர் கட்டியங்காரன் வேடம் கட்டுகிறார். குழுவின் பெயர் மாறுவதில்லை. 2015-இல் 'மசான்' படத்துக்கு இவர்கள் தந்த இசையைக் கேட்டவர்கள் இக்குழு தீர்ந்துபோய்விட்டது என்று சொல்ல மாட்டார்கள். 'தண்டனு'வில் விருந்தினர் கூட்டம் சற்று மிகுதி என்பது மட்டுமே நம் குறை. ஒவ்வொரு பாட்டிலும் வந்தவருக்கு இலை போடுவதிலேயே கவனம் போய்விடுகிறது.

பட்டியலைத் தொலைபேசியில் சொன்னபோது பொறியாளர் நண்பர் ஒன்றே கேட்டார்: "ஜீனி எங்கே?"

நியாயமான கேள்வி. (நம் பக்கத்தில் ஜீனி என்றால் சர்க்கரை, இது மெல்லியதாக நெய்யப்பட்டது என்னும் பொருளுடைய இந்திச் சொல்.) கபீரின் புகழ்பெற்ற பாடல் அதன் தலைப்பு. கடுவெளிச் சித்தர் உடலைப் போட்டுடைக்கும் தோண்டியாகக் கண்டார். நெசவாளியான கபீர் அதைத் துணியாகக் கண்டார். நியாயமாகப் பார்த்தால் தமிழாசிரியர் முதலில் எடுக்க வேண்டிய தொகுப்பு. இருந்தும் அதை நம்மால் வைத்துக்கொள்ள இயலவில்லை. குற்றம் அத்தொகுப்பினுடையதன்று.

2002-இல் முதுகலை ஆய்வேட்டுக்காக நாட்டார் பாடல்கள் திரட்டியபோது, சுரங்கத்துக்காக ஊர் பெயர்ந்து மந்தாரக்குப்பம் பக்கம் குடியேறியிருந்த ஓர் ஆயாவிடம் இரண்டு நாள் பாடல்கள் பதிவு செய்தோம். நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, ஒரு நீண்ட ஒப்பாரி. "ஒரே பாட்டத் திருப்பித் திருப்பிக் கேக்குறியே சாமி" என்று அலுத்துக்கொண்டே பாடினார். வரிகளை எழுதிக்கொண்டோம். ஆய்வேட்டுக்கு வரிகள்தானே வேண்டும்? தட்டச்சுக்குக் கொடுத்தோம், மதிப்பெண் வாங்கினோம். 2004-இல் நண்பரொருவரிடமிருந்து 'ஜீனி' ஒரு வாரத்துக்குக் கிடைத்தது. புது ஒலிநாடா வாங்கக் கையில் காசில்லை. அலமாரியில் இருந்த 90 நிமிட நாடாவில் அதைப் பதிந்துகொண்டோம். ஒலிநாடாவின் முதுகில் ஒரு சிறு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய இயலாது. சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. நாம் உடைத்திருக்கவில்லை.

சில மாதம் கழித்து, ஒரு பக்கம் 'ஜீனி' முடிந்தபின் நிறுத்த மறந்து படித்துக்கொண்டிருந்தபோது, சற்று மௌனத்துக்குப் பிறகு ஆயாவின் குரல் வந்தது. ஏதோவொரு பாட்டின் நடுவிலிருந்து தொடங்கி நாலு நிமிடம். நடுவே ஓர் இருமல். பக்கத்தில் ஒரு குழந்தையை அதட்டும் சத்தம். அவ்வளவுதான் மிச்சம். அதற்குள் அவர் இறந்துபோயிருந்தார். ஆய்வேட்டைத் திறந்து பார்த்தால் வரிகள் இருக்கின்றன. பரிபாடலைப் போல.

இதை நண்பரிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின் அந்த நாலு நிமிடத்தைக் கைப்பேசிக்கு மாற்றி அனுப்பச் சொன்னார். கல்லூரியில் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று தூசியோடு கிடந்தது. மாணவர் ஒருவர் பெல்ட் மாற்றி ஓடவைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் நண்பரிடமிருந்து அழைப்பு வந்தது. அவருடன் வேலை பார்க்கும் ஒருவரின் தாயார் அந்த ஆயாவின் ஊரைச் சேர்ந்தவராம். கேட்டவுடன் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தாராம், பாதியில் மறந்துவிட்டு, தன் அக்காவுக்குத் தெரியும் என்றாராம். அக்கா இருப்பது விருத்தாசலத்தில். வருகிற ஞாயிறு நண்பருக்கு ஷிப்டு இல்லை. இருவரும் காலைப் பேருந்தில் போகிறோம்.