பாற்குளம் உணர்த்தும் பாடம்

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை திருக்கோயிலின் தீர்த்தங்களுள் ஒன்று பாற்குளம். வேதிகையின் மகவுக்குப் பால் இல்லாத வேளையில், அன்னையின் ஆணைப்படி காமதேனு வந்து பால் சொரிந்த இடம் அது என்கிறது தலபுராணம். அம்பிகை வேதிகையைக் கடிந்துகொள்ளவில்லை, துணையை அனுப்பினாள்.

இல்லத்தில் மருமகளுக்குப் பால் குறைந்தால் பெரியோர் செய்யத்தக்கதும் அதுவே. குழந்தை அடிக்கடி அருந்த அருந்தவே பால் சுரக்கும்; கவலையும் களைப்பும் அதைத் தடுக்கும். ஆகவே குறை கூறாது, அடுப்படி வேலையைப் பிறர் ஏற்று, தாய்க்கு வேளைக்கு உணவும் உறக்கமும் கிடைக்கச் செய்தல் வேண்டும். 6 மாதம் வரை தண்ணீரோ சர்க்கரை நீரோ புகட்டலாகாது. குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலும், எடை ஏறாவிடினும் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

அன்று காமதேனுவாய் வந்த அருள், இன்று பெரியோரின் பரிவாய் வரட்டும்.