காலனி வீட்டின் கூரை ராத்திரியிலும் ஏன் சுடுகிறது?

சித்திரை மாதத்தில் ஊருக்குப் போனால் அம்மா சொல்லும் முதல் வார்த்தை, "உள்ள படுக்காதப்பா, வாசல்ல கட்டில் போட்டிருக்கேன்" என்பதுதான். நாகப்பட்டினம் மாவட்டத்தில், ஊர்த்தெருவிலிருந்து ஒரு வாய்க்காலும் ஒரு களமும் தள்ளி இருக்கிறது எங்கள் காலனி. அம்மா இருப்பது அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. ஒரு அறை, சமைக்க ஓர் இடம், முன்னால் நாங்களே இறக்கிக்கொண்ட சிமென்ட் ஷீட் தாழ்வாரம். போன வருடம் ஒருநாள் இரவு 10 மணிக்குத் தூக்கம் வராமல் உள்ளே போய், பெஞ்சின் மேல் ஏறி நின்று கான்கிரீட் தளத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பொழுது சாய்ந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. தளம் என் கையைவிடச் சூடாக இருந்தது. அதற்கு ஒரு முழம் கீழே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேலே தேங்கி நிற்கிற அனலை இழுத்து அம்மாவின் மேலும் தங்கையின் மேலும் கொட்டுவதற்குத்தான் அந்த மின்சாரம் செலவாகிக்கொண்டிருந்தது.

நான் வாசலில் படுத்துக்கொள்ளலாம். அவர்களால் முடியாது. வெளியில் காற்றாடப் படுப்பது ஆண்களுக்கு மட்டும் வாய்த்த வசதி என்பதை வெயில் காலத்தைப் பற்றி எழுதுபவர்கள் யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

வெயில் எல்லோருக்கும் பொது என்கிறார்கள். அப்படியானால் நிழல் யாருடையது? 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் தலித்துகள் மீது விதித்த எட்டுத் தடைகளை ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். அவற்றில் ஒன்று, ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்பது. திருவிதாங்கூரில் நாடார்களுக்குக் குடையும் செருப்பும் மட்டுமல்ல, ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டுவதும் மறுக்கப்பட்டிருந்தது. ஒரு தளத்துக்கு மேல் கட்டாதே என்றால் அந்தஸ்தைக் காட்டாதே என்று அர்த்தம் என மட்டும்தான் நான் நீண்ட நாள் நினைத்திருந்தேன். தலைக்கும் வெயிலுக்கும் நடுவே இன்னொரு அடுக்கு உனக்குக் கிடையாது என்ற அர்த்தமும் அதில் இருப்பது புரிந்தது, சித்தப்பாவோடு ஒரு வீட்டை இடிக்கப் போனபோது.

அது ஊர்த்தெருவில் ஒரு பழைய மிராசுதார் வீடு. வாரிசுகள் வெளியூர் போய்விட்டார்கள். மரத்தையும் ஓட்டையும் விற்க முடிவு செய்து இடிக்கிற வேலையைச் சித்தப்பா உள்ளிட்ட நாலு பேருக்குக் கூலிக்கு விட்டார்கள். நான் அப்போது கல்லூரி விடுமுறையில் இருந்தேன். எங்கள் பாட்டி அந்த வீட்டு வயலில் முப்பது வருடம் நடவு நட்டவர். கொல்லைப்புறத்தைத் தாண்டி அவர் கால் வைத்ததில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த வீட்டின் முன்வாசல் வழியாக உள்ளே போன முதல் ஆட்கள் நாங்கள்தான், கையில் கடப்பாரையோடு.

வெளியே அக்கினி நட்சத்திரம். உள்ளே கூடத்தில் கால் வைத்ததும் தரை சில்லென்றிருந்தது. சித்தப்பா மேலே பார்த்தபடி சொன்னார்: "பானைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு பாருடா." பிறகு மச்சுக்கு ஏறினோம். அங்கே நிற்க முடியவில்லை, அப்படி ஒரு அனல். வீட்டுக்கு வரவேண்டிய வெக்கை முழுவதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. மேலே நாட்டு ஓடு, கீழே மரப்பலகை, நடுவில் ஆள் குனிந்து போகிற உயரத்தில் வெற்றிடம். இரண்டு பக்க முக்கோணச் சுவர்களிலும் உச்சியை ஒட்டிக் கை நுழைகிற அளவில் துவாரங்கள். இறவாணத்தில் சுவருக்கும் ஓட்டுக்கும் இடையே திறந்த இடைவெளி. கையை அங்கே கொண்டுபோனால் காற்று உள்ளே வருவது தெரிந்தது.

அவ்வளவுதான் சூத்திரம். ஓடு காய்ந்ததும் அதன் கீழே உள்ள காற்று சூடாகி, லேசாகி, மேலே போகிறது. உச்சியில் வழி இருந்தால் வெளியேறுகிறது. அது வெளியேறுகிற வேகத்தில் இறவாணத்தின் வழியாகப் புதுக்காற்று நுழைகிறது. கீழ் வழியை அடைத்தாலும் சரி, மேல் வழியை அடைத்தாலும் சரி, ஓட்டம் நின்றுவிடும். அமெரிக்க வீடுகளில் சாய்வுக் கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே இருக்கும் இதே இடத்தை 'ஆட்டிக்' என்கிறார்கள். அங்கே கட்டட விதியிலேயே இதற்கு அளவு உண்டு: மச்சின் பரப்பு 150 சதுர அடி என்றால் காற்று போய்வர 1 சதுர அடித் திறப்பு வேண்டும். சில நிபந்தனைகளோடு 300-க்கு 1 என்றும் குறைத்துக்கொள்ளலாம். காற்று வழியைச் சட்டத்தில் அளந்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

காற்றோட்டம் ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. காய்ந்த கூரை காற்றை மட்டும் சூடாக்குவதில்லை. அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்தால் முகத்தில் அடிக்கிறதே, அதுபோலக் கீழே இருப்பதன் மேல் நேராகவும் அனலை வீசுகிறது. அந்த வீச்சைக் காற்று தடுக்காது. குறுக்கே ஒரு தடுப்பு வேண்டும். மிராசுதார் வீட்டில் பலகை அதைச் செய்தது. பலகை மேல் அடுக்கிவைத்த நெல் மூட்டைகளும் செய்தன. எங்கள் ஆட்கள் அறுத்து அடித்துக் கொடுத்த நெல், களத்திலிருந்து அந்த மச்சுக்குப் போய், அவர்கள் தலைக்கு மேல் வெயிலைத் தாங்கிக்கொண்டிருந்தது!

இப்போது எங்கள் தொகுப்பு வீட்டுக்கு வருவோம். நாகை இருக்கும் இடத்தில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். சுவரைவிடக் கூரைதான் அதிகம் வாங்கும். 4 அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுவதும் குடித்த சூட்டை உள்பக்கம் கொண்டுவரப் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பொழுது போன பிறகு வீடு கொதிக்கிறது. வசதியான வீடுகளில் மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துக் கொட்டி, மேலே தட்டோடு பதிப்பார்கள். எங்கள் காலனியில் ஒரு வீட்டில்கூட அது கிடையாது. வெறும் தளம், அதுவும் பாசி பிடித்துக் கறுத்தது. ஜன்னலின் மேல்விளிம்பு 7 அடியில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே தளம் வரைக்கும் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. வென்டிலேட்டர் என்று இரண்டு ஓட்டைகள் இருந்தன. கொசுவுக்கும் பாம்புக்கும் பயந்து அவற்றைப் பழைய சேலையும் சாக்கும் வைத்து அடைத்திருந்தோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் கிளம்பிவரும். "பார்த்தீர்களா, கான்கிரீட்டே தப்பு. மண் சுவரும் கீற்றுக் கூரையும்தான் நம் மரபு, எவ்வளவு குளிர்ச்சி!" என்பார்கள். கீற்று குளிர்ச்சிதான். அதில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் கீற்று எரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை வைத்து எரித்தது ஒரு குடிசையில்தான். எங்கள் ஊரிலிருந்து அது வெகுதூரம் இல்லை. கான்கிரீட் தளம் எங்களுக்கு முதலில் தீப்பிடிக்காத கூரை. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். மண் வீட்டின் அழகை விடுமுறைக்கு ரசித்துவிட்டு அடுக்குமாடிக்குத் திரும்புகிறவர்கள் எங்களைக் குடிசைக்குத் திரும்பச் சொல்ல வேண்டாம். லாரி பேக்கர் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே ஓடுகளைப் புதைத்து, சிமென்டையும் மிச்சப்படுத்தி வெக்கையையும் குறைக்கிற முறையைக் கேரளத்தில் பரப்பினார். ஏழைகளுக்கு மலிவாக வீடு கட்டுவதுதான் அவர் எண்ணம். இன்று 'பேக்கர் பாணி' என்ற பெயரில் யாருக்கு வீடு கட்டப்படுகிறது என்று கொஞ்சம் சுற்றிப் பாருங்கள்.

அரசு என்ன செய்தது? செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 2010-இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவதாகக் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2011-இல் அ.தி.மு.க. ஆட்சி பசுமை வீடு கொடுத்தது: 300 சதுர அடி, ரூ.1.80 லட்சம், 5 சோலார் விளக்குகள். பெயரில் பசுமை இருந்தது. கூரைமேல் விழும் சூரியனிலிருந்து விளக்குக்கு மின்சாரம் எடுக்க யோசித்தவர்கள், அதே சூரியன் கூரைக்குக் கீழே படுத்திருப்பவரை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. 2024-இல் கலைஞரின் கனவு இல்லம்: 360 சதுர அடி, ரூ.3.50 லட்சம், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள். அதே 2024-இல், அக்டோபரில், வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் என்றார்கள். அறிவிப்பு நல்லதுதான். ஆனால் இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு மூன்றரை, சாவுக்கு நான்கு. அந்த மூன்றரைக்குள் கூரைக்கு வெள்ளைப் பூச்சுக்கும் மேலே தட்டோட்டுக்கும் இடமிருந்தால் நான்கைக் கொடுக்கிற நிலைமை சில வீடுகளிலாவது வராது.

"ஏசி வாங்கிப் போட வேண்டியதுதானே" என்று ஒரு நண்பர் கேட்டார். கணக்குப் போட்டோம். 75 வாட் மின்விசிறி ஒன்று நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட். அப்போது இலவசம் 100 யூனிட், அதோடு சரி. 1 டன் ஏசி மணிக்கு முக்கால் யூனிட்டிலிருந்து 1 யூனிட் வரை இழுக்கும். ராத்திரி 8 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 360 முதல் 480 யூனிட். அதுவும் கொதிக்கிற தளத்துக்குக் கீழே வைத்தால் மெஷின் பாதி நேரம் தளத்தோடுதான் சண்டை போடும். நூறு நாள் வேலைக் கூலியில் கான்கிரீட்டைக் குளிர்விக்க முடியாது.

நாங்கள் செய்தது மிகச் சாதாரணம். சித்தப்பாவும் நானும் தளத்தைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து மூன்று பூச்சு அடித்தோம். வென்டிலேட்டர் சாக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வலை வைத்தோம். தாழ்வார ஷீட்டுக்கு அரை அடி கீழே மூங்கில் தட்டி கட்டி, இரண்டு முனையையும் அடைக்காமல் விட்டோம். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மச்சு அதுதான். (உங்களுடையது பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதில் துளை போடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. தட்டியைக் கம்பத்தில் கட்டுங்கள், அடுப்பிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.) அதிசயம் எதுவும் நடக்கவில்லை. தளம் இன்னும் சுடுகிறது, ஆனால் இரவு 10 மணிக்குக் கையை வைத்தால் எடுக்கத் தோன்றுவதில்லை. தாழ்வாரத்தில்தான் வித்தியாசம் அதிகம். மதியத்தில் அங்கே உட்கார்ந்து அம்மா இப்போது பூ கட்டுகிறார். ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும், பங்குனியில் திரும்ப அடிக்க வேண்டும்.

அடிக்கலாம், அது எங்கள் வீடு. ஆனால் எங்கள் காலனியில் 62 வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சித்தப்பா கிடையாது. இதைக் குடும்பத்தின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டால் வசதியுள்ளவர் தப்பிப்பார், தனியாக இருக்கும் கிழவி வேகுவார். அதனால் மே 1 கிராமசபையில் மனு கொடுத்தோம். இருக்கிற வீடுகளுக்கு வெள்ளைப் பூச்சு, அடைபட்ட வென்டிலேட்டர்களுக்கு வலை. இனி கட்டும் வீடுகளில் தளத்தை ஒட்டி எதிரெதிர்ச் சுவர்களில் காற்று வழி, மேலே தட்டோடு. வந்திருந்த பொறியாளர் மனுவைப் படித்துவிட்டு, "இதெல்லாம் எஸ்டிமேட்ல இல்லீங்க தம்பி" என்றார். கெட்டவர் இல்லை, உள்ளதைத்தான் சொன்னார். சித்தப்பா எழுந்து, "எஸ்டிமேட்டு போட்டவங்க அந்த வீட்டுல ஒரு ராத்திரி படுத்துப் பாத்தாங்களா சார்?" என்று கேட்டார். அவர் சிரித்தார். கூட்டத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. மனுவைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னோம், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.

அடுத்த கூட்டம் ஆகஸ்ட் 15. சூரியன் மறுபடியும் உச்சிக்கு வருகிற நேரம். இந்த முறை காலனியிலிருந்து பெண்கள் அதிகமாக வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அம்மாவும் வருகிறார். பொறியாளரை அன்று மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாம் என்பது அவருடைய யோசனை. தாழ்வாரத்தில் இல்லை, உள்ளே.