முத்திரை மரக்கால் யார் கையில்?

கீழத் தஞ்சை மிராசுதார் வீட்டில் ஒரு காலத்தில் இரண்டு மரக்கால் இருக்கும். நெல்லை வாங்குவதற்குப் பெரியது. பண்ணையாளுக்குக் கூலி அளப்பதற்குச் சிறியது. 1940-களில் பண்ணையாட்கள் எழுந்து நின்றபோது, "முத்திரை மரக்காலால் அள!" என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. முத்திரை மரக்கால் வந்த இடத்திலும், அளக்கிற கையை அருகில் நின்று பார்க்கச் சங்கம் இருந்தால்தான் கூலி குறையாமல் விழுந்தது.

இன்று காரைக்கால் பகுதியில் மரக்கால் கூலி இல்லை. அதன் இடத்தில் சர்டிபிகேட் வந்திருக்கிறது.

இறால் குளத்தைப் பாருங்கள். கடற்கரையோரம் இறால் வளர்க்கிறவர் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகிற இறால் என்றால், குளத்தில் பிடிப்பதற்கு முன்பே மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற மருந்துகளின் சுவடு இருக்கக் கூடாது. 2016-ல் ஐரோப்பிய யூனியன், இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்பு இறாலில் நூறு சரக்குக்குப் பத்து என்றிருந்த சோதனையை ஐம்பது என்று உயர்த்தியது. ஒரு கிலோ இறாலில் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மருந்து இருந்தாலும் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது.

நல்லது. இதை நாம் எதிர்க்கவில்லை. சாப்பிடுகிறவன் எந்த நாட்டவனானாலும் அவன் வயிறு கெடக் கூடாது. குளத்தில் கொட்டிய மருந்து நம் வாய்க்காலுக்கும் வருகிறது.

நாம் கேட்பது இதுதான்: அந்த இறாலின் தலையைக் கிள்ளி ஓடு உரிக்கிற பெண்ணின் விரலை எந்தக் கருவி பார்க்கிறது? ஐஸ் தண்ணீரில் எத்தனை மணி நேரம் நின்றாள், குறைந்தபட்சக் கூலி கிடைத்ததா, சம்பளச் சீட்டு உண்டா என்று எந்தச் சோதனைச் சாலை சொல்கிறது? வாங்குகிறவனுக்குப் பெரிய மரக்கால். உழைக்கிறவளுக்குச் சின்ன மரக்கால்!

குளத்துக்கு அடுத்த வயலின் கதையும் இதுதான். பக்கத்து நாகை வட்டாரத்தில் விளைநிலம் இறால் குளமாக மாறி, நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் தேவையில்லை என்று ஆனபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் இருக்கும் குளங்களை அகற்ற வேண்டும், விளைநிலத்தைக் குளமாக்கக் கூடாது என்று 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளருக்கு ஆறு வருஷக் கூலியைக் கூடுதல் நஷ்டஈடாகக் கொடுக்கவும் கோர்ட் சொன்னது. ஆனால் 2005-ல் பார்லிமென்ட் புதுச் சட்டம் போட்டு, அந்தக் கடலோரத் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று ஆக்கிவிட்டது. தீர்ப்பு தொழிலாளியின் பக்கம் சாய்ந்தது. சட்டம் முதலாளியின் பக்கம் திரும்பியது.

காரைக்காலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு பக்கம் கடல். மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. வாஞ்சூர் தாண்டினால் சர்க்கார் வேறு, லேபர் ஆபீஸ் வேறு. இறால் பெட்டிக்கு இந்த எல்லை ஒரு தடையல்ல. எந்தக் குளத்து இறால் என்ற விவரம் கடல் கடந்தும் கூடவே போகிறது. அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற கூலிக்காரிக்கோ, யாரிடம் முறையிடுவது என்பதே எல்லையில் குழம்பிப் போகிறது.

ஆலைத் தொழிலாளிக்கும் இதே கதைதான். 2012 ஆகஸ்டில் பாகிஸ்தானில் கராச்சி நகரத்து அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கு, "வேலை நிலைமை சரியாக உள்ளது" என்று சர்வதேச சர்டிபிகேட் கொடுக்கப்பட்டது. செப்டம்பர் 11-ந் தேதி அந்த ஆலை தீப்பற்றியது. 250-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். காகிதம் ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை. முதலாளி காசு கொடுத்து வரவழைக்கும் இன்ஸ்பெக்டர், முதலாளி காட்டுகிற கதவைத்தான் பார்ப்பார்.

அப்படியானால் ஒழுங்குமுறை விதியே வேண்டாமா? அப்படியல்ல, தோழர்களே. திண்டுக்கல்லைப் பாருங்கள். 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டாள். அவளுடைய சூப்பர்வைசர் கைதானான். அந்த ஆலையில் துணி தைத்து வாங்கியது எச் அண்ட் எம் கம்பெனி. நன்னடத்தை விதிப் புத்தகம் அந்தக் கம்பெனியிடம் அப்போதும் இருந்தது. அது அவளைக் காப்பாற்றவில்லை. பெண்களே முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை முதலாளியும் வாங்கும் கம்பெனியும் கையெழுத்திட வேண்டியதாயிற்று. இருபத்தைந்து தொழிலாளருக்கு ஒருவர் வீதம், தொழிலாளிகளே கண்காணிப்பாளர்களானார்கள். ஒப்பந்தத்தை ஆலை மீறினால் ஆர்டரைக் குறைக்க வேண்டும் என்பது வாங்குகிறவனுக்கு விதித்த கடமை. அதே வருஷம் ஜூலையில் அமெரிக்கா அந்த ஆலைச் சரக்கைத் தடுத்தது. ஒப்பந்தம் அமலில் இருப்பதைக் கண்டு செப்டம்பரில் தடையை எடுத்தது.

விதிக்குப் பல் முளைத்தது எங்கே? கண்காணிக்கிற வேலை தொழிலாளி கைக்கு வந்த இடத்தில்!

ஆனால் ஆளுகிறவர்கள் எதிர்த் திசையில் நடக்கிறார்கள். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டங்களில், தொழிற்சாலை ஆய்வாளர் முதலாளிக்கு "வசதி செய்து கொடுப்பவ"ராகவும் ஆகிவிட்டார். மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது பழைய சட்டம். இப்போது இருபது பேர் வேண்டுமாம். பதினைந்து பெண்கள் இறால் உரிக்கும் கொட்டகை எந்தக் கணக்கில் வரும்? ஐரோப்பாவிலும் இதே பின்வாங்கல்தான். சரக்கு வரும் வழியெல்லாம் தொழிலாளியின் உரிமைக்குப் பெரிய கம்பெனிகளே பொறுப்பு என்று 2024-ல் விதி செய்தார்கள். 2025 டிசம்பரில் அதை 5,000 பேருக்கு மேல் வேலை வாங்கும் கம்பெனிகளுக்கு மட்டும் என்று சுருக்க உடன்பட்டார்கள்.

ஆகவே காரைக்காலில் நாம் கேட்க வேண்டியவை மூன்று. இறாலுக்குச் சோதனைச் சீட்டு இருப்பது போல, அதை உரித்தவளுக்குச் சம்பளச் சீட்டு இருக்க வேண்டும். அது இல்லாத சரக்கு கப்பலேறக் கூடாது. ஆலையையோ கொட்டகையையோ சோதிக்க வருகிறவர், தொழிலாளர் தேர்ந்தெடுத்த ஆளைக் கூட அழைத்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். எல்லை தாண்டிப் போகும் தொழிலாளியின் மனுவைப் புதுச்சேரி, தமிழ்நாடு இரண்டு சர்க்காரின் லேபர் ஆபீசும் வாங்க வேண்டும்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1936 ஜூலை 30-ல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். அதற்குப் பிறகே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்தச் சட்டத்தை எந்த முதலாளியும் சர்டிபிகேட்டாக வாங்கி வரவில்லை.

மரக்காலில் முத்திரை இருக்கட்டும். அளக்கும்போது பக்கத்தில் நாம் நிற்போம்.