செவ்வாயும் மார்ஸும்

பெண்ணின் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருக்கிறதென்று ஜோதிடர் ஒருவர் சொல்லிவிட்டால் போதும். நிச்சயமாகும் தறுவாயிலிருந்த விவாகம் நின்றுபோகிறது. அதே வீட்டின் மற்றோர் அறையில் அவளுடைய தம்பி, 'மார்ஸ்' என்பது பாறையாலாகிய சிறு கிரகமென்றும், அதன் விட்டம் பூமியின் விட்டத்தில் பாதிக்குச் சற்றே அதிகமென்றும் இங்கிலீஷில் நெட்டுருப் போட்டுக்கொண்டிருக்கிறான். தமக்கையின் கல்யாணத்தைத் தடுத்த செவ்வாயும் தான் பரீட்சைக்குப் படிக்கும் மார்ஸும் ஒன்றே என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும், அதைப் பெரியவர்கள் முன் எடுத்துச் சொல்லும் பாஷை அவனிடமில்லை. மூடநம்பிக்கை நமது வீடுகளில் தாய்மொழியில் உரக்கப் பேசுகிறது. சாஸ்திரமோ அந்நிய மொழியில் முணுமுணுக்கிறது. வழக்கில் யார் ஜயிப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ?

சூரியனுக்கு அருகிலுள்ள புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கும் பாறைக் கிரகங்கள். இவற்றிற்கு இங்கிலீஷில் வழங்கும் பெயர்களே சாஸ்திரப் பெயர்கள், தமிழ்ப் பெயர்கள் பஞ்சாங்கத்துக்கே உரியவை என்று நம்மில் படித்தவர்கள் பலர் எண்ணுகிறார்கள். இந்தக் கட்சிக்கு ஆதாரம் என்ன என்று விசாரிப்போம்.

மெர்க்குரி, வீனஸ், மார்ஸ் என்போர் ரோமர்களின் தேவதைகள். மெர்க்குரி வர்த்தகத்துக்கும் தூதுக்கும் உரியவன். 88 நாட்களில் சூரியனைச் சுற்றி ஓடிவிடும் கிரகத்துக்கு அவன் பெயர் பொருத்தந்தான். வீனஸ் காதலுக்கும், மார்ஸ் யுத்தத்துக்கும் அதிதேவதைகள். ஆனால் இந்த ஏற்பாடு ரோமர்களுடைய சொந்தச் சரக்கன்று. கிரேக்கர்கள் ஹெர்மிஸ், அப்ரோடைட், ஏரிஸ் என்று வைத்திருந்ததை அவர்கள் தங்கள் தேவதைகளின் பெயரால் மாற்றிக்கொண்டார்கள். கிரேக்கர்களும் அவ்வாறே பாபிலோனியரிடமிருந்து பெற்றார்கள். பாபிலோனியர் மெர்க்குரியை நபூவுக்கும், வீனஸை இஷ்டாருக்கும், மார்ஸை நெர்கலுக்கும் உரிமையாக்கியிருந்தனர். ஆக, ஞானம் கை மாறியபோதெல்லாம் பெயர் மொழிபெயர்ந்தது. எவரும் பிறர் சொல்லின் ஓசையைத் தலையில் சுமந்து திரியவில்லை.

இங்கிலீஷ்காரரின் முன்னோர்களைப் பாருங்கள். ரோமரின் வாரத்தை ஏற்றுக்கொண்டபோது மார்ஸின் நாளைத் தங்கள் டியூ தேவனுக்கும், மெர்க்குரியின் நாளை வோடனுக்கும், வீனஸின் நாளை ப்ரிக் தேவிக்கும் ஆக்கிக்கொண்டார்கள். இன்னும் ரஸமான விஷயம் ஒன்றுண்டு. மற்றக் கிரகங்களுக்கு ரோமப் பெயர்களை எடுத்துக்கொண்டவர்கள், தாங்கள் நிற்கும் மண்ணுக்கு மட்டும் 'டெர்ரா' என்ற லத்தீன் சொல்லை ஏற்கவில்லை; தங்கள் பாட்டன் பூட்டன் சொன்ன 'எர்த்' என்பதையே வைத்துக்கொண்டார்கள். சீனரும் ஜப்பானியரும் இன்றைக்கும் செவ்வாயை 'நெருப்பு மீன்' என்று பொருள்படும் தங்கள் சொல்லாலேயே எழுதுகிறார்கள். இதனால் அவர்களுடைய வானசாஸ்திரம் குன்றிப்போயிற்றா?

நமது பெயர்களுக்குக் குறையொன்றுமில்லை. வெள்ளியும் செவ்வாயும் தேவதைகளை அழைத்து வைத்த பெயர்களல்ல. கண்ணால் கண்ட நிறத்தைச் சொல்லும் பெயர்கள். வெள்ளியை மூடிய கந்தகத் திராவக மேகங்கள் சூரிய ஒளியைத் திருப்பி வீசுவதால் அது அவ்வளவு வெண்மையாக ஜொலிக்கிறது. செவ்வாயின் மண்ணில் இரும்புத் துரு கலந்திருப்பதால் அது சிவந்திருக்கிறது. பட்டினப்பாலை தொடங்குவதே வெண்மீனைச் சொல்லித்தான். புதன் வடமொழிச் சொல். நிகண்டுகளில் அதற்கு 'அறிவன்' என்ற பெயரும் உண்டு. ஆயினும் மூலைமுடுக்கிலெல்லாம் வேரூன்றிவிட்ட புதனைப் பிடுங்கியெறிய வேண்டுமென்பது நமது அபிப்பிராயமன்று.

இவ்விடத்தில் நமது தேசாபிமானிகள் சிலருக்கும் ஒரு வார்த்தை. செவ்வாய்க்குப் புராணத்தில் 'பௌமன்', அதாவது பூமியின் மகன், என்ற பெயர் இருப்பதைக் கொண்டு, அது பூமியைப்போல் பாறைக் கிரகமென்று நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என வாதிப்போர் உண்டு. கோர்ட்டில் இப்படி ஒரு வாதத்தை எடுத்துவைத்தால் நீதிபதி புன்சிரிப்புடன் அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொல்வார். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேளுங்கள்: மார்தி, மெர்க்ரதி, வாந்த்ரெதி என்ற கிழமைகள் மார்ஸ், மெர்க்குரி, வீனஸ் நாட்களே, நமக்கும் அவை முறையே செவ்வாய், புதன், வெள்ளிதான். கிரகங்களை இந்த வரிசையில் நிறுத்திய வாரமுறை மேற்கிலிருந்து நம்மிடம் வந்தது. ஜாதகம் கணிக்கும் வித்தைக்கும் யவனர் தொடர்பு உண்டு. 'ஹோரை' என்பது கிரேக்கச் சொல். யவனர் மிலேச்சராயினும் இந்தச் சாஸ்திரத்தில் தேர்ந்தவராதலால் ரிஷிகளைப்போல் பூஜிக்கத் தக்கவர் என்று வராகமிகிரரே ஒப்புக்கொண்டிருக்கிறார். சனாதனமென்று நாம் கட்டிக்கொண்டு அழும் ஜாதகக் கட்டத்தின் பூர்வோத்தரம் இதுதான்!

2013-ம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட இந்திய விண்கலம், 2014 செப்டம்பர் 24-ந் தேதி செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அதன் திட்ட இயக்குநரான சுப்பையா அருணன் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். தேசம் முழுதும் ஆனந்தக் கூத்தாடிற்று; ஆடியது நியாயமே. எனினும் அந்த வருஷத்திலும் அதற்குப் பின்னரும் அதே செவ்வாயைக் காட்டி எத்தனை பெண்களை வேண்டாமென்று தள்ளினார்கள்! நமது யந்திரம் சென்று சேர்ந்த கிரகம் வேறு, ஜோதிடர் காட்டும் கிரகம் வேறு என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதே இதற்கெல்லாம் இடங்கொடுக்கிறது.

உலகத்தாரோடு கலந்து பேச ஒரே பெயர் வேண்டாமா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வேண்டும். மார்ஸ் என்ற சொல்லையும் பிள்ளைகள் கற்கட்டும், அதனால் நஷ்டமில்லை. தமிழ்வழிப் பாடபுஸ்தகங்களில் செவ்வாய் என்றே அச்சாகிறது. ஆனால் நம் பிள்ளைகள் நாளுக்கு நாள் அதிகமாக இங்கிலீஷ் வழியில் படிக்கிறார்கள். அந்த வகுப்புகளில் தமிழ்ப் பெயர் வாயில் வருவதே அபூர்வம். அங்கே பாடம் நடத்தும் உபாத்தியாயர்களை நாம் கேட்டுக்கொள்வது சிறிய காரியந்தான். மார்ஸைப் பற்றிய பாடம் வரும் அன்று கரும்பலகையில் செவ்வாய் என்றும் எழுதுங்கள். உங்கள் வீட்டு ஜாதகங்களில் எழுதியிருக்கும் செவ்வாய் இதுவே என்று சொல்லுங்கள். அது பூமிக்கு மிக நெருங்கி வரும்போதுகூட சுமார் ஐந்தரைக் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறதென்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.