பி.டி. பீரியடில் அடிபட்டால் வெறும் 'சுளுக்கு'தானா? நெல்லைப் பெற்றோரும் பள்ளிகளும் கவனிக்க வேண்டியது என்ன?

தாமிரபரணிக் கரைக்காரங்களுக்கு கபடியைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் இந்தப் பக்கத்துக்காரர்தான். அவரது வாழ்க்கையைத் தழுவி 2025 தீபாவளிக்கு வந்த 'பைசன்' படத்தைப் பார்த்துவிட்டு, களத்தில் இறங்க ஆசைப்படும் பிள்ளைகளும் உண்டு.

ஆசை நல்லதுதான். ஆனால் அடிபட்டால்? 'விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும்' என்பதே பெரும்பாலும் நம்ம பதில். அது பாதிதான் உண்மை. எல்லா அடியையும் தடுக்க முடியாது. ஆனால் கணிசமானவற்றைத் தடுக்கலாம்.

பிள்ளைகளின் காயம் ஏன் வேறு மாதிரி?

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் 'வளர்ச்சித் தட்டு' என்ற மென்மையான பகுதி இருக்கும். எலும்பு நீளமாக வளர்வது இங்கேதான். பதின்ம வயதின் பிற்பகுதியில்தான் இது முழுவதும் எலும்பாக மாறும். அதுவரை, பக்கத்தில் இருக்கும் தசைநார்களைவிட இந்த இடம் பலவீனமானது.

அதனால் பெரியவர்களுக்கு சுளுக்கு பிடிக்கும் அதே அடியில், ஒரு பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டு உடையலாம். வெளியே பார்த்தால் ரெண்டும் ஒரே வீக்கம்தான். எண்ணெய் போட்டு நீவி, 'சுளுக்கு எடுத்து' விட்டால் உடைந்த இடம் இன்னும் விலகும் ஆபத்து உண்டு. சரியாகக் கூடாவிட்டால் கை, கால் வளைந்தோ குட்டையாகவோ வளரலாம். வீக்கத்தோடு காலை ஊன்ற முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுப்பதுதான் பாதுகாப்பு.

தடுக்க என்ன வழி?

மணி அடித்ததும் நேராக ஓடிப்போய் ஆட்டத்தில் இறங்குவதுதான் முதல் தப்பு. ஐரோப்பாவில் நான்கு நாடுகளில், 7 முதல் 13 வயது வரையுள்ள சுமார் 3,900 கால்பந்து ஆடும் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 'ஃபிஃபா 11+ கிட்ஸ்' என்ற பயிற்சியைச் செய்த அணிகளில் காயங்கள் 48% குறைந்தன.

அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முழங்காலை மடக்கி இறங்குவது, அடிபடாமல் விழப் பழகுவது போன்றவைதான். 15 முதல் 20 நிமிடம் போதும். தனிக் கருவி எதுவும் வேண்டாம். ஓட்டம், குதிப்பு, விழுதல் எல்லாம் சேர்ந்த கபடிக்கும் இதே அடிப்படை பொருந்தும்.

மைதானத்தை யார் சோதிப்பது?

2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்ததை ஊர் மறக்காது. அதன்பின் தமிழ்நாடு முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டு இடிக்கப்பட்டன.

அதே கண் மைதானத்தின் மீதும் பட வேண்டும். 2025 நவம்பரில் ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில், கூடைப்பந்துக் கம்பம் சாய்ந்து 16 வயது வீரர் ஒருவர் இறந்தார். அதே வாரத்தில் பகதூர்கரில் இதே மாதிரி விபத்தில் 15 வயதுச் சிறுவனும் உயிரிழந்தான்.

கம்பத்தின் அடியில் துரு இருக்கிறதா, கோல் போஸ்ட் தரையோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா, களத்தில் கல், கண்ணாடி, குழி இருக்கிறதா? இதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

வெயிலும் ஒரு காரணம். கோடையில் பாளையங்கோட்டையில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. அந்த மாதங்களில் ஓட்டமும் பயிற்சியும் காலையிலோ சாயங்காலமோதான் இருக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இடையிடையே தண்ணீர் கொடுக்கணும்.

அடிபட்டால் உடனே என்ன செய்யணும்?

* ஆட்டத்தை நிறுத்தி உட்கார வையுங்கள். 'கொஞ்சம் நடந்து பாரு' என்று எழுப்ப வேண்டாம்.
* ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. நீவவும் கூடாது.
* கை, கால் கோணலாகத் தெரிந்தால் நேராக்க முயலாமல், அசையாதபடி தாங்கிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.
* தலையில் அடிபட்டுக் குழப்பமோ தலைசுற்றலோ இருந்தால் அன்று மறுபடி ஆட விடவே கூடாது. வாந்தி, அதிக தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு இருந்தால் உடனே 108.
* கட்டுப் போட்ட பிறகு வலி கூடினாலோ, விரல் மரத்துப்போய் நிறம் மாறினாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம். காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலியை மறைக்கும் பிள்ளைகள்

குறுவட்டப் போட்டி அணியிலிருந்து தூக்கிவிடுவார்களோ, வீட்டில் 'இனி விளையாடப் போகாதே' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் வலியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. முழுசாக ஆறாத மூட்டோடு ஆடினால் அதே இடத்தில் மறுபடி அடிபடும் வாய்ப்பு அதிகம். வலியைச் சொன்னால் திட்டு விழாது என்று பிள்ளைக்குத் தெரிந்தால்தான் அது வாயைத் திறக்கும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் மூணு கேள்வி கேட்கலாம். விளையாடும் முன் உடலைத் தயார் செய்யும் பயிற்சி உண்டா? கம்பங்களைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? முதலுதவிப் பெட்டி மைதானத்துக்கு வருகிறதா, அல்லது ஆபீஸ் ரூம் பீரோவில் பூட்டியே இருக்கிறதா?