ஏரிக்கு வாக்கிங் போறீங்களா? செல்ஃபியோடு சேர்த்து கலங்கலையும் பார்த்துட்டு வாங்க!

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளுக்கு இப்போது புது விருந்தாளிகள் வருகிறார்கள். காலை ஆறு மணிக்கு ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு நடப்பவர்கள், கேமராவோடு பறவை தேடுபவர்கள், சைக்கிளில் குழந்தையை உட்காரவைத்து வரும் இளம் பெற்றோர். மால், தியேட்டர், ஓஎம்ஆர் கஃபே என்று வார இறுதியை ஓட்டியவர்களுக்கு, டிக்கெட் இல்லாத, பார்க்கிங் கட்டணம் இல்லாத ஓர் இடம் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருப்பது தெரியவந்திருக்கிறது.

இது நல்ல விஷயம். தாராளமாகப் போங்க. ஆனால், நீங்கள் நடக்கும் அந்தக் கரை பூங்காவுக்காகப் போட்டது கிடையாது. மழைநீரைப் பிடித்துவைக்கவும், மிஞ்சியதை அடுத்த ஊருக்கு அனுப்பவும் கட்டிய ஓர் அமைப்பின் சுவர் அது. அந்த அமைப்பு இன்றும் வேலை செய்கிறதா என்பதைப் பொறுத்துதான், டிசம்பரில் உங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தண்ணீர் நிற்குமா நிற்காதா என்பது முடிவாகும்.

ஓர் ஏரி நிறைந்தால் தண்ணீர் எங்கே போகும்?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்று சும்மா சொல்லவில்லை. இங்கே ஏரிகள் தனித்தனியாக இல்லை. சங்கிலி போலக் கோத்திருக்கின்றன.

ஓர் உதாரணம்: சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால், உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போக வேண்டும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் கடல். பள்ளிக்கரணையில் 1,247 ஹெக்டேர் பரப்பு 2022-இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. அதாவது, சிட்லபாக்கத்தில் நீங்கள் பார்க்கும் தண்ணீர், சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஒரு சதுப்பு நிலத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டாலும், தண்ணீர் தனக்கு வேறு வழி தேடிக்கொள்ளும். பெரும்பாலும் அது நம்ம தெரு.

அப்போ, போகும்போது என்ன பார்க்கணும்?

மூன்றே இடங்கள். அரை மணி நேரம் போதும்.

1. வரத்துக்கால்வாய்: ஏரிக்குள் தண்ணீர் வரும் வழி. மழையே இல்லாத மார்ச் மாதத்திலும் அதில் தண்ணீர் ஓடுகிறதா? அப்படியென்றால் அது மழைநீராக இருக்க வாய்ப்பு குறைவு; கழிவுநீரா என்று சந்தேகப்படுங்க. நுரை, கறுப்பு நிறம், நாற்றம் இருந்தால் சந்தேகம் உறுதி. ஏரி முழுக்க ஆகாயத்தாமரை பச்சைப் பசேல் என்று மூடியிருந்தால் அழகு என்று ரீல்ஸ் எடுக்கத் தோன்றும். கழிவுநீரில் வரும் சத்தைத் தின்றுதான் அது அவ்வளவு வேகமாகப் பரவுகிறது.

2. மதகு: ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட இடம். புறநகரில் வயல்கள் மனைகளாகிவிட்டதால், பல மதகுகளுக்கு இப்போது வேலை இல்லை. பாசனம் போனதும், ஏரியைக் கவனிக்க ஆளும் போனது. அந்த இடம்தான் இப்போது காலியாக இருக்கிறது.

3. கலங்கல்: ஏரி நிறைந்தால் உபரி நீர் வழிந்து வெளியேறும் இடம். மூன்றில் இதுதான் ரொம்ப முக்கியம். கலங்கலுக்குப் பின்னால் கால்வாய் இருக்கிறதா? எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது? எந்த இடத்தில் சுவரோ, கடையோ, ரோடோ அதை விழுங்குகிறது? 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் போகும் வழி குறுகினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

ஓர் அடி ஆழம் இவ்வளவு பெரிய விஷயமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 ஏக்கர் ஏரியில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது சுமார் 12.3 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்று வைத்துக்கொண்டால், 10,000 லாரிகளுக்கு மேல். சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்ட 2019 கோடையில் லாரிக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். ஓர் அடி வண்டல் சேர்ந்தாலோ, கரையோரம் கட்டட இடிபாடுகளைக் கொட்டினாலோ, இழப்பது இதைத்தான்.

ஏரிக்கு அழகு எது?

இங்கேதான் பார்வையாளர்களான நமக்கும் பொறுப்பு வருகிறது. 'எங்க ஏரியை டெவலப் பண்ணுங்க' என்று கேட்கிறோம். நடைபாதை, அலங்கார விளக்கு, 'ஐ லவ்' போர்டு வருகிறது. கழிவுநீர் குழாய் மட்டும் அப்படியே இருக்கிறது!

நான்கு பக்கமும் செங்குத்தாக கான்கிரீட் சுவர் எழுப்பினால், ஏரி ஒரு தொட்டியாகிவிடும். ஆழம் குறைந்த, சரிவான கரையோரத்தில்தான் கொக்கும் உள்ளானும் இரை தேடும். நாணல் புதரில்தான் தாழைக்கோழி கூடு கட்டும். அந்த ஓரத்தை எடுத்துவிட்டால், பறவை பார்க்க வருகிறவர்களுக்குப் பார்க்க எதுவும் இருக்காது.

எனவே கேட்கும் வரிசை முக்கியம். முதலில் கழிவுநீரை நிறுத்துங்க. அடுத்து வரத்துக்கால்வாய், கலங்கல், உபரிநீர்க் கால்வாய். நடைபாதையும் விளக்கும் அதற்குப் பிறகு. நடைபாதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதை மட்டும் கட்டிவிட்டு 'ஏரி சீரமைப்பு' என்று சொல்வதுதான் பிரச்சினை.

'மனுஷங்க போகாம இருந்தாலே ஏரி நல்லா இருக்கும்' என்பது சரியா?

நியாயமான கவலை. பிளாஸ்டிக் கப், பிறந்தநாள் கேக் டப்பா, உடைந்த பாட்டில் எல்லாம் நாம் கொண்டுபோனவைதான். ஆனால், யாரும் எட்டிப் பார்க்காத ஏரிதான் முதலில் குப்பைமேடாகிறது, பிறகு மனையாகிறது.

சிட்லபாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கரையில் வருடக்கணக்கில் குப்பை கொட்டப்பட்டது. 2019 வறட்சியில் ஏரி காய்ந்தபோது, அங்கே குடியிருப்பவர்களே இறங்கிச் சுத்தம் செய்தார்கள். அதன் பிறகுதான் 25 கோடி ரூபாய் சீரமைப்புத் திட்டம் வந்தது. தினமும் அந்த ஏரியைப் பார்த்தவர்கள்தான் அதற்காகப் பேசினார்கள்.

போனால் செய்யக் கூடாதவை

தண்ணீரில் இறங்காதீங்க. மண் அள்ளிய குழிகள் அடியில் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் அடுத்த அடி இரண்டு ஆள் ஆழமாக இருக்கலாம். சேறு காலை விடாது. இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். நீச்சல் தெரியும் என்பது இங்கே உத்தரவாதம் இல்லை.

பறவைகளுக்கு பிரெட், பிஸ்கட் போடாதீங்க. கூடு பக்கத்தில் டிரோன் விடாதீங்க. தூண்டில் போடும் ஆசை இருந்தால் முதலில் விசாரிங்க; பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், அது ஒருவருடைய பிழைப்பு.

தப்பு கண்ணில் பட்டால் யாரிடம் சொல்வது?

பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு கொண்ட ஏரிகள் நீர்வளத் துறையிடம், சிறியவை உள்ளாட்சியிடம். தாம்பரம் பகுதியில் 2021 முதல் உள்ளாட்சி என்றால் தாம்பரம் மாநகராட்சி. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டு சட்டமே இருக்கிறது. முதல்வரின் முகவரி உதவி எண் 1100. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளும் உண்டு.

புகாரோடு படம் இருந்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம். அதனால் இப்படிச் செய்யுங்க: வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் கலங்கலில் நின்று ஒரு போட்டோ எடுங்க. ஜனவரியில் அதே இடத்தில், அதே கோணத்தில் இன்னொன்று. தேதியும் லொகேஷனும் பதிவாகட்டும். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் போடுங்க. கால்வாய் குறுகியிருந்தால், அது உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியட்டும். மனுவில் ஒரு கையெழுத்து அம்பதாகும்.