பிணை நின்றவர் விலக முடியாது

இலங்கைத் தமிழருக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் இந்தியா செய்து முடித்துவிட்டது என்கிறார் நண்பர் ஒருவர். இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படையில் ஏறக்குறைய 1,200 வீரர்கள் உயிரிழந்தார்கள், போருக்குப் பிறகு 50,000 வீடுகள் கட்டித் தரப்பட்டன, மிச்சமெல்லாம் இலங்கையின் உள்விவகாரம் என்பது அவர் காட்டும் கணக்கு. வாழைச்சேனையிலிருந்து பார்க்கும்போது அதில் ஒரு வரியும் நேராக இல்லை.

உள்விவகாரம் என்றால் 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தி கொழும்பில் எதில் கையெழுத்திட்டார்? இனப்பிரச்சினைத் தீர்வுக்கு இந்திய அரசு உத்தரவாதம் அளிக்கும், அதை நடைமுறைப்படுத்த ஒத்துழைக்கும் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் வங்கி பிணையாளியின் வாசலுக்குத்தான் வரும். அன்று பரிமாறிய கடிதங்களில் திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளும் இருந்தன. அதை டெல்லி மறக்கவேயில்லை. 2022 ஜனவரியில் 99 தாங்கிகளையும் பங்குபிரித்து உடன்படிக்கை செய்தது. தாங்கிக்கு எழுதியது 35 வருடத்துக்குப் பிறகும் செல்லுபடியாகிறது, சனத்துக்கு எழுதியது மட்டும் காலாவதியாகிவிட்டதா?

ஒப்பந்தத்தைப் புலிகள் முறித்தார்கள் என்பார் நண்பர். முறித்தார்கள்தான். அவர்கள் செய்த கொடுமைகளைக் கிழக்கில் இருக்கிற எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவை இரண்டு அரசுகள். புலிகள் 2009இல் இல்லாமல் போனார்கள், அரசுகள் இரண்டும் இருக்கின்றன.

உத்தரவாதம் கைவிடப்பட்டால் என்ன நடக்கும் என்பதை மயிலத்தமடுவில் வந்து பார்க்கட்டும். மயிலத்தமடுவும் மாதவணையும் எங்கள் மட்டக்களப்பு மாவட்டப் பண்ணையாளர்களின் மேய்ச்சல் தரை. வெளிமாவட்டத்திலிருந்து வந்தவர்கள் அங்கே காட்டை அழித்துப் பயிர் வைத்தார்கள். மாடுகள் வெட்டுக்காயத்தோடு பட்டிக்குத் திரும்பின, சில திரும்பவேயில்லை. 2023 செப்ரெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரமாகக் கொட்டில் போட்டுப் போராட்டத்தில் குந்தினார்கள். நிலம் மகாவலி அதிகார சபையின் கையில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தால் அரசியலமைப்பில் வந்த 13ஆம் திருத்தம் சொன்ன காணி அதிகாரம் மாகாணத்துக்கு வரவேயில்லை. அதே ஒப்பந்தப்படி நடந்த வடகிழக்கு இணைப்பை உயர் நீதிமன்றம் 2006இல் செல்லாதென்றது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்ரெம்பரில் முடிந்தது, அதன்பிறகு ஆளுநர் ஆட்சிதான். பால் கறந்து பிழைக்கிற மனிதர் முறையிடப் போனால், அவர் வாக்குப்போட்டுத் தெரிவுசெய்த ஒரு மாகாண உறுப்பினர்கூட அங்கே இல்லை.

இனி அந்த 1,200 பேர். அவர்கள் வீட்டாரின் துயரம் உண்மையானது. அதைக் கொச்சைப்படுத்த மாட்டேன். ஆனால் அவர்களின் சாவை எங்கள் சாவுக்கு ஈடாகக் கழிப்பது ஈனத்தனம். 1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் சுடப்பட்ட டொக்டர்மாரும் தாதிமாரும் நோயாளரும் யாரோடு போருக்குப் போனார்கள்? 1989இல் அமைதிப்படையின் நிழலில் 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்று பிள்ளை பிடித்தார்கள். டியூசனுக்குப் போன பிள்ளை, கடைக்குச் சைக்கிளில் போன பிள்ளை என்று பார்க்கவில்லை. தலையை மொட்டையடித்து, கையில் துவக்கைக் கொடுத்தார்கள். இந்தியன் ஆமி அம்பாறையையும் மட்டக்களப்பையும் விட்டுப் போனதும் அந்தப் பிள்ளைகள் இருந்த முகாம்களைப் புலிகள் அடித்தார்கள். கொன்ற பழி புலிகளுடையது. அந்தப் பிள்ளைகளை அங்கே நிறுத்திவிட்டுக் கப்பலேறிய பழி யாருடையது?

பொஸ்னியாவின் சிரெப்ரெனிட்சாவில் 1995இல் நடந்த படுகொலையைத் தடுக்கத் தவறியதற்காக நெதர்லாந்து அரசு 2002இல் பதவி விலகியது. தன் அமைதிப்படைத் தளத்தில் ஒதுங்கியிருந்த சுமார் 350 ஆண்களின் சாவில் அந்த நாட்டுக்கும் பங்குண்டு என்று அதன் உச்ச நீதிமன்றமே 2019இல் தீர்ப்பளித்தது. டெல்லி இதுவரை எதற்கும் பொறுப்பேற்கவில்லை. நண்பரும் கேட்கவில்லை.

வீடுகளுக்கு நன்றி. ஐந்தரை லட்சம் ரூபா கிடைத்தது, போதாததற்குப் பலர் கடன்பட்டுக் கட்டி முடித்தார்கள். ஆனால் கூரை தந்ததால் காணி உரிமைக்குக் கொடுத்த வாக்கு தீர்ந்துவிடாது.

கொழும்போடு நேரே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று கடைசியில் புத்தி சொல்கிறார். பேசினோம். 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவோடு தமிழ்த் தலைவர் செல்வநாயகம் ஒப்பந்தம் செய்தார். அடுத்த வருடமே அது கிழிக்கப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவோடு செய்தார், அதுவும் நிறைவேறவில்லை. அந்த இரண்டுக்கும் பிணை நிற்க ஆளில்லை. 1987இல் இந்தியா தானாக முன்வந்து நின்றது. 13ஆம் திருத்தத்தின் காணி அதிகாரத்தையும் மாகாண சபைத் தேர்தலையும் பெற்றுத் தருவது அதன் கடமை. பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைப் பற்றித் தன்னிடமுள்ள பதிவுகளைத் தாய்மாருக்குத் திறந்து காட்டுவதும் அதன் கடமை.